சுடுமண் யானை ஏன் கண் திறக்கவில்லை?

வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. உள்ளே கூடாக இருக்கும் ஒரு யானையை வாங்கி, முதுகுக்கு உட்புறம் ஒரு டச் சென்சார் பலகையை ஒட்டி, கண்களில் இரண்டு சின்ன எல்.இ.டி. பொருத்தினால் பள்ளிக் கண்காட்சிக்குப் பொருள் தயார். முதுகைத் தடவினால் கண் எரிய வேண்டும். எரியவில்லை. தட்டுகிறோம், அழுத்துகிறோம், ம்ஹூம். "போர்டு போயிடுச்சு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். அந்தப் பலகைக்கு அழுத்தம் தெரியாது.

கடைகளில் அதிகம் கிடைப்பது டி.டி.பி. 223 என்ற சில்லு பொருத்திய குட்டிப் பலகை. அதில் ஒரு செப்புத் தகடு இருக்கும். சில்லு அந்தத் தகட்டில் மின்னூட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். தகடு எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கும் என்பதுதான் அதன் மின்தேக்குத்திறன். நம் உடம்பில் உப்பும் நீரும் நிறைய இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். அதனால் விரல் பக்கத்தில் வந்தாலே தகட்டின் மின்தேக்குத்திறன் இம்மியளவு கூடும். ஒரு ஃபாரடை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பெயர் பிக்கோஃபாரட். விரலால் கூடுவது அதில் சில, சமயத்தில் ஒன்றுகூட இருக்காது. அதைத்தான் சில்லு கண்டுபிடிக்கிறது. உண்மையில் தொடக்கூட வேண்டாம். ரஷ்யாவில் லியோன் தெரமின் 1920-இல் உருவாக்கிய இசைக்கருவியை வாசிப்பவர் தொடவே மாட்டார். காற்றில் கையை நகர்த்துவார், சுருதி மாறும்.

கூடுகிறது என்றால் எதிலிருந்து? அதில்தான் விஷயமே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் சில்லு அரை விநாடி போலச் சுற்றுப்புறத்தை அளந்து, "யாரும் தொடாத நிலை இது" என்று குறித்துக்கொள்ளும். மளிகைக் கடைத் தராசில் காலிப் பாத்திரத்தை வைத்துவிட்டு எண்ணைப் பூஜ்யமாக்குவார்களே, அது மாதிரி. அந்த அரை விநாடியில் உங்கள் கை யானையின் முதுகில் இருந்தால், கையும் பாத்திரக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம் தடவினால் புதிதாகக் கூட என்ன இருக்கிறது? இணைப்பைக் கழற்றி, கையை எடுத்துவிட்டு, மறுபடி இணைத்து, ஐந்து வரை எண்ணிய பிறகு தொட்டுப் பாருங்கள். யாரும் தொடாத நேரத்தில் சில்லு ஏறத்தாழ 4 விநாடிக்கு ஒருமுறை தானாகவே மறுபடி அளந்துகொள்ளும்.

அப்படியும் எரியவில்லையா? பலகையை யானையின் வயிற்றிலிருந்து வெளியே எடுங்கள். நிரலால் இயங்கும் ஆர்டுயினோ பலகையோடு இணைத்திருந்தால் அதையும், எல்.இ.டி.களையும் கழற்றிவிட்டுத் தொடு பலகையை மட்டும் தனியாகச் சோதியுங்கள். இதற்கு 2 முதல் 5.5 வோல்ட் வேண்டும். இரண்டு பென்சில் பேட்டரியைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட், தாராளம். சதுர 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்திருந்தால் மட்டும் "போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பு சரியாக இருக்கலாம்.

மல்டிமீட்டரைப் பேட்டரியின் முனையில் வைக்காதீர்கள், பலகையின் முனைகளிலேயே வையுங்கள். பேட்டரியில் 3 வோல்ட் இருக்கும், பலகைக்கு வந்து சேர்ந்திருக்காது. இந்தப் பலகைகளோடு பெரும்பாலும் ஊசிகள் தனியாகத்தான் வரும். துளையில் ஊசியைச் செருகி, சால்டரிங் செய்யாமல் விட்டால் பட்டும் படாமலும் இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். முனைகளின் வரிசையும் பலகைக்குப் பலகை மாறும். நண்பனின் பலகையைப் பார்த்து இணைக்காமல், உங்கள் பலகையில் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்து இணையுங்கள்.

இப்போது வெளியீட்டு முனையில் மீட்டரை வைத்துத் தகட்டைத் தொடுங்கள். 0-விலிருந்து கிட்டத்தட்ட 3 வோல்ட்டுக்குத் தாவினால் பலகை நலம். கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. பலகைக்கு ஒரு பேட்டரி, ஆர்டுயினோவுக்குக் கணினி என்று தனித்தனியாக மின்சாரம் கொடுத்தால், இரண்டின் எதிர்முனைகளையும் ஓர் ஒயரால் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பலகை சொல்வது ஆர்டுயினோவுக்குப் புரியாது. தொடாதபோது 3, தொட்டால் 0 என்று தலைகீழாக வந்தால், பலகையில் ஏ, பி என்று குறித்த சின்ன இடைவெளிகளைப் பாருங்கள். ஏ-யில் ஈயம் சொட்டி மூடியிருந்தால் அப்படித்தான் வரும்.

வெளியே ஒழுங்காக வேலை செய்த பலகை யானைக்குள் போனதும் மறுபடி ஊமையானால் தப்பு மண்ணிடம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒப்புமை விடுதிறன் என்று ஓர் எண் வரும். காற்றுக்கு 1, கண்ணாடிக்கு 5-க்கு மேல், தண்ணீருக்கு ஏறத்தாழ 80. எண் சிறியதாக இருந்தால் விரலின் தாக்கம் தகட்டுக்கு வந்து சேர்வது கடினம். யானையின் முதுகு வளைவு, பலகையோ தட்டை. நடுவில் தங்கும் காற்றுதான் முதல் எதிரி. மண்சுவரின் தடிமன் அடுத்தது. சில மில்லிமீட்டரைத் தாண்டினால் சிரமம். சமையலறை அலுமினியத் தாளை முதுகின் உட்புறம் வளைவோடு ஒட்டி, அதன் ஓரத்தைப் பலகையின் தகட்டுமேல் படிய வைத்தால் தகடே பெரிதாகிவிடும், காற்றும் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னொரு கூத்து நடக்கும். மெருகு பூசாத சுடுமண் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய யானை யாரும் தொடாமலே கண் சிமிட்டலாம், தொட்டாலும் சும்மா இருக்கலாம். வெயிலில் காயவைத்துவிட்டுச் சோதியுங்கள். பாகூர் ஏரிப்பாசன வயலில் மண் ஈரத்தை அளக்கச் செருகும் மின்தேக்கு வகை உணரியும் தண்ணீரின் இதே 80-ஐ நம்பித்தான் வேலை செய்கிறது. இங்கே தொல்லையாக இருப்பது அங்கே அளவுகோல். அந்த உணரி கெட்டுப்போவதும் பெரும்பாலும் அதன் பலகையின் வெட்டிய ஓரம் வழியாக நீர் ஏறித்தான். ஓரத்தில் நகப்பூச்சு தடவினால் கொஞ்சம் தாங்கும்.

சார்ஜரையும் விடக்கூடாது. மலிவான சார்ஜரில் செருகியிருக்கும்போது செல்போன் திரை தானாகத் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். சார்ஜரின் மின் இரைச்சல் திரையின் தொடு உணரியைக் குழப்புவதால் வருவது அது. யானையும் அப்படித் துள்ளினால் பேட்டரிக்கு மாற்றிப் பாருங்கள்.

வேலை செய்யும் பலகை ஒன்று இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். நோட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகத் தகட்டின்மேல் அடுக்கி, மேலே விரல் வைத்துக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது தாளில் பலகை ஊமையாகிறது? அதே அடுக்கை வைத்து, இன்னொரு கையால் பேட்டரியின் எதிர்முனை ஒயரைப் பிடித்துக்கொண்டு தொடுங்கள். இப்போது கூடுதலாகத் தாள் தாங்குகிறதா, எத்தனை? ஏன் என்று யோசித்து எழுதி அனுப்புங்கள்.