திங்கட்கிழமை மௌனம்

காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் அனுஷ்டித்ததை யாவரும் அறிவர். தேச காரியங்கள் தலைக்குமேல் இருந்த காலத்திலும் அவர் அதனைக் கைவிட்டாரில்லை; அவசியமானதைக் காகிதத் துண்டில் எழுதிக் காட்டினார். நாமோ கைப்பேசியைக் கணமேனும் பிரியோம் என்கிறோம்!

2018-ஆம் வருஷத்து அமெரிக்கத் தேர்தலுக்கு முன், பொருளாதார நிபுணர் சிலர், ஜனங்களில் ஒரு சாராரை நான்கு வாரம் முகநூலை விட்டு விலகியிருக்கச் செய்து பரிசோதித்தனர். நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. மன நிம்மதி சிறிது பெருகிற்று. அரசியல் கொள்கை விஷயங்களில் கருத்துப் பிளவும் தணிந்தது. ஆனால் நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் குறைந்தது என்பதை மறைக்கலாகாது.

ஆகவே முற்றத் துறத்தல் வேண்டுவதன்று. செய்தியைப் பத்திரிகை வாயிலாக அறிவோம். வாரத்தில் ஒரு நாளேனும் சமூக ஊடகத்துக்கு விடுமுறை அளிப்போம். தன் மனத்தைத் தான் ஆளாதவனுக்குச் சுயராஜ்யம் ஏது?