நமுத்த வெடி

ஆங்கில நாளேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தொடர் ‘டாம்ப் ஸ்க்விப்’. ‘டாம்ப்’ என்றால் ஈரம் பட்டது. ‘ஸ்க்விப்’ என்றால் சிறு வெடி. சேர்த்தால், நமுத்த வெடி! அகராதியைப் புரட்டாமலே இதன் பொருளை அறியக்கூடியவர்கள் ஏழாயிரம்பண்ணைப் பிள்ளைகளாகிய நாம் அன்றோ?

‘ஸ்க்விப்’ என்னும் சொல் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. ஈர வெடியை உவமையாக்கியது 19-ஆம் நூற்றாண்டில். பெரிதாக எதிர்பார்த்த ஒன்று சப்பென்று முடிந்தால் இப்படிச் சொல்வர். ‘த டிராமா வாஸ் எ டாம்ப் ஸ்க்விப்’ என்றால், ஆவலோடு காத்திருந்த நாடகம் ஏமாற்றிவிட்டது எனப் பொருள். எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் இத்தொடருக்கு வேலையில்லை. சிலர் இதை ‘ஸ்க்விட்’ என்று தவறாகச் சொல்வதுண்டு. அது கணவாய் மீன். கடலில் வாழும் அதற்கு ஈரம் ஒரு குறையா?

தமிழில் நாம் ‘புஸ்வாணம் ஆகிவிட்டது’ என்கிறோம். பாவம், புஸ்வாணம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. வெடிக்கும் என்று காத்திருந்தது நம் பிழை!

வெடி ஏன் நமுத்துப் போகிறது? வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கலந்த மருந்தில் ஈரம் ஏறினால், திரியின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது; நெருப்பு மேலே பரவுவதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். பின்னர் பட்டாசும் சேர்ந்தது. மழை குறைந்த நம் கரிசல் மண்ணின் வெயிலே இத்தொழில்களுக்குத் துணையாயிற்று. பயிருக்கு மழை வேண்டும் என்று வானத்தைப் பார்க்கும் நம் ஊரில், மழை பிடித்தால் வெடியை உலர்த்த முடியாது, வேலை நிற்கும், கூலியும் இல்லை. ஆங்கிலேயருக்கு வேடிக்கைச் சொல்லாக இருப்பது, நம் தாய்மாருக்கு அடுப்பெரியாத நாள்.

இன்னொன்றும் நாம் அறிவோம். நமுத்த வெடி செத்த வெடி அன்று. அருகே சென்று குனிந்து பார்ப்பதும், மீண்டும் பற்ற வைப்பதும் ஆபத்து. எட்ட நின்று, சற்றுப் பொறுத்து, தண்ணீர் ஊற்றுவதே முறை.

தேர்வில் ஒருமுறை தவறிய தோழியை எவரேனும் ‘டாம்ப் ஸ்க்விப்’ என்று கேலி செய்தால், நாம் சொல்ல வேண்டிய மறுமொழி இதுதான்: “உள்ளே மருந்து அப்படியே இருக்கிறது!”