ஓர் ஊரில் இரு கட்சிகள்

ஸைபீரியாவில் யெனிஸே நதிக்கரையில் உள்ளது கிராஸ்னயார்ஸ்க் நகரம். 1628-ஆம் ஆண்டில் அங்கெழுந்த கோட்டையின் பெயர் 'கிராஸ்னி யார்'. செங்கரை என்பது பொருள். அப்பெயரையே 1969-இல் தோன்றிய ரக்பிக் கழகமும் பூண்டது. 1975-இல் பிறந்தது 'யெனிஸே எஸ்.டி.எம்.', அவ்வெழுத்துகள் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கமாம்.

கட்சிக்குப் பதினைவராய், முட்டைவடிவப் பந்துக்காக இவ்விரு கழகத்தாரும் பொருதுவர். 2013 முதல் 2016 வரை ருஷ்ய வாகைப் பட்டம் ஆண்டுதோறும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறியது. 2017-இல் இருவரும் ஐரோப்பியச் சவால் கிண்ணப் பந்தயத்திலும் ஆடினர்.

தோற்றவர் மறுநாள் காலை வென்றவரை வீதியிலே காண நேரும் ஊரில் சோம்பலுக்கு இடமேது? அண்மையில் வாழும் வல்ல எதிரியே ஆசானுமாவான். மாஸ்கோவுக்கு நெடுந்தொலைவிலுள்ள அந்நகரம் ருஷ்ய ரக்பியில் தலைமை பெற்றதன் காரணங்களுள் இதுவும் ஒன்றன்றோ!