பல்லை உடைக்காம பல்லுக்குள்ள பார்க்கலாமா?

தொப்பூர் கணவாய்ல பஸ் இறங்கும்போது, ரோட்டுக்காக வெட்டின பாறையைப் பார்த்திருப்பீங்க. சின்ன வயசுல அதுல ஃபாசில் கிடைக்குமான்னு நானும் தேடியிருக்கேன். கிடைக்கல; கிடைக்கவும் கிடைக்காது. நம்ம தர்மபுரி பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகை. பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. வயசு ஏறத்தாழ 250 கோடி வருஷம். அப்போ சுறா என்ன, மீனே கிடையாது.

ஆனா சேலம், ஆத்தூர் தாண்டிப் பெரம்பலூர் மாவட்டம் போனா கதையே வேற. அங்கே காரை கிராமத்துக் களிமண் மேடுகள், சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில் படிந்தவை. அவற்றில் சுறாப் பற்கள் கிடைக்கின்றன. ஓடுகளை நொறுக்கித் தின்ற டைக்கோடஸ் என்ற சுறாவின் பல் இங்கே கிடைத்ததை 2012-இல் வர்மா, பிரசாத் குழுவினர் வெளியிட்டார்கள்.

ஏன் பல் மட்டும்? சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு; சீக்கிரம் அழுகிவிடும். பல் அப்படியில்லை. அதன் மேல்பூச்சு ஃப்ளூர்அபடைட் என்ற கெட்டியான கனிமம். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். அதனால் பல சுறா இனங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பல்லிலிருந்து மட்டுமே வந்தது.

வெளி வடிவத்தை மட்டும் வைத்து இனம் சொன்னால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒரே மாதிரி இரை தின்றால், உறவே இல்லாத சுறாக்களுக்கும் ஒரே மாதிரி பல் வரலாம். அதனால் உள்ளே பார்க்க வேண்டும். பல சுறாக்களின் பல் நடுவில் கூழ்க்குழி இருக்கும். பெரும் வெள்ளைச் சுறா சேர்ந்த லாம்னிஃபார்ம் வரிசையில் அந்தக் குழி இருக்காது. எலும்பு போன்ற ஆஸ்டியோடென்டின் அதை நிரப்பியிருக்கும்.

பழைய வழி: பல்லை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைப்பது. கையில் இருப்பது ஒரே பல் என்றால்? பார்த்து முடித்ததும் பல் போச்சு.

இங்கேதான் மைக்ரோ சிடி வருது. ஆஸ்பத்திரி சிடியில் எக்ஸ்ரே குழாய் நோயாளியைச் சுற்றும்; இதில் பெரும்பாலும் குழாய் நிற்கும், பல் சுற்றும். ஒவ்வொரு சின்னக் கோணத்துக்கும் ஒரு படம் என நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டர் முப்பரிமாணமாக அடுக்கும். அடர்த்தியும் அணு எண்ணும் கூடக் கூட எக்ஸ்ரே அதிகம் உறிஞ்சப்படும். அதனால் மேல்பூச்சு வெளுப்பாகவும், டென்டின் சற்று மங்கலாகவும் தெரியும். கூம்பு வடிவக் கதிருக்கான பிரபலமான அல்காரிதத்தை 1984-இல் எழுதிய ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் ஃபோர்டு கார் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள். மெக்கானிக்கல் பசங்க காலர் தூக்கிக்கலாம்!

சின்னக் கணக்கு ஒண்ணு. 20 மி.மீ. அகலப் பல், 2,000 பிக்சல் டிடெக்டரை முழுசா நிரப்பினால், ஒரு பிக்சலுக்கு 10 மைக்ரான். கூழ்க்குழி இருக்கா இல்லையான்னு பார்க்க இது தாராளம். டென்டினுக்குள் ஓடும் சில மைக்ரான் நுண்குழாய்கள் மட்டும் தெரியாது.

இதனால் என்ன லாபம்? ஜுராசிக் காலத்துப் பேலியோகார்காரியாஸ் ஒரு நல்ல உதாரணம். உடம்பு தரையோடு கிடக்கும் கம்பளச் சுறா மாதிரி, பல் வடிவம் வேறு மாதிரி. எங்கே சேர்ப்பதென்று குழப்பம். 2019-இல் வியன்னா பல்கலைக்கழகக் குழு மைக்ரோ சிடியில் பார்த்தபோது, அதன் பல் அமைப்பு லாம்னிஃபார்ம் சுறாக்களோடு பொருந்தியது. வெள்ளைச் சுறாவின் பரம்பரை அதுவரை நீண்டது.

மைக்ரோ சிடி மந்திரம் இல்லை. புதைந்த காலத்தில் குழிக்குள் இரும்புக் கனிமம் புகுந்தால் படம் வெளுத்துப்போய் ஏமாற்றும். ஒரே குழாயிலிருந்து வரும் பல ஆற்றல் கதிர்களில் பலவீனமானவை முதலில் உறிஞ்சப்படுவதால், பல்லின் ஓரம் பொய்யாகப் பளிச்சிடும். அலுமினியம் அல்லது தாமிரத் தகட்டை ஃபில்டராக வைத்துக் குறைக்கலாம்.

கடைசியா ஒண்ணு. காரைக்கு டூர் போனால் பல்லைப் பாக்கெட்டில் போட்டுட்டு வந்துடாதீங்க. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, புவியியல் துறைக்குச் சொல்லுங்க. பல்லுக்குள் என்ன இருக்குன்னு சிடி சொல்லும். அது எந்த மண் அடுக்கில் கிடந்ததுன்னு எந்த மெஷினும் சொல்லாது.