பாக்டீரியாவின் கத்தரிக்கோல்

'விகடகவி' என்ற சொல்லைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். மீண்டும் 'விகடகவி' என்றே வரும். இப்படிப்பட்ட ஒரு சொல்லைக் கண்டால் மட்டும் வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று இயற்கையில் உண்டு. அது இருப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்குள். அது வெட்டுவதோ, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையை.

பாக்டீரியாவுக்குக் கத்தரிக்கோல் எதற்கு? அதற்கும் பகைவர் உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை 'ஃபாஜ்' என்பர். ஃபாஜ் தன் டி.என்.ஏ.வை பாக்டீரியாவுக்குள் செலுத்தும். அங்கே தன்னைப் போன்ற பல வைரஸ்களை உண்டாக்கும். அவை பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

1950-களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் ஒரு புதிரைக் கண்டனர். ஒரு வகை பாக்டீரியாவில் செழித்துப் பெருகிய ஃபாஜ், அதே இனத்தின் வேறொரு வகையில் பெருக முடியவில்லை. ஏன்? 1960-களில் சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஆர்பர் இதை ஆராய்ந்தார். நுழைந்த டி.என்.ஏ.வை பாக்டீரியாவின் நொதி ஒன்று துண்டாக்கிவிடுகிறது என்று விளக்கினார்.

அத்தகைய நொதி ஒன்றை 1970-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் ஸ்மித் குழுவினர் பிரித்தெடுத்தனர். டி.என்.ஏ. கரைசல் பாகுபோல் இருக்கும். அவர்கள் ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் சாற்றை ஒரு வைரஸின் டி.என்.ஏ.வுடன் கலந்தனர். பாகின் கெட்டித்தன்மை குறைந்தது! நீண்ட இழைகள் துண்டாகிவிட்டன என்பதே இதன் பொருள். ஆனால் அதே சாற்றில் அந்தப் பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வுக்கு ஒன்றும் நேரவில்லை.

இது எப்படி? 'ஈக்கோ ஆர்-1' என்னும் நொதியை எடுத்துக்கொள்வோம். இது எஷ்சரிச்சியா கோலி என்ற பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. டி.என்.ஏ. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன இரட்டை இழை. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிரே டி இருக்கும். ஜி இருந்தால் எதிரே சி இருக்கும். ஈக்கோ ஆர்-1 தேடும் சொல் ஜி-ஏ-ஏ-டி-டி-சி. இதை உங்கள் நோட்டில் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் கீழும் அதன் இணையை எழுதுங்கள். சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்று வரும். கீழ் வரிசையை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அதே ஜி-ஏ-ஏ-டி-டி-சி! டி.என்.ஏ.யின் விகடகவி இதுதான்.

நான்கு எழுத்துகளைக் கொண்டு ஆறெழுத்துச் சொற்கள் 4096 அமைக்கலாம். ஆகவே சராசரியாக 4096 எழுத்துகளுக்கு ஒரு முறை இச்சொல் வரக்கூடும். எஷ்சரிச்சியா கோலியின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் உள்ளன. அதில் இச்சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் வருகிறது. ஓர் இடம் வெட்டுப்பட்டாலும் ஆபத்து. எனவே கத்தரிக்கோலை வைத்திருக்கும் பாக்டீரியா, இன்னொரு நொதியையும் வைத்திருக்கிறது. அது இச்சொல்லில் உள்ள ஏ எழுத்தின்மேல் மெத்தில் தொகுதி என்ற சிறு அடையாளத்தை ஒட்டிவிடும். அடையாளம் உள்ள இடத்தைக் கத்தரிக்கோல் தொடாது. புதிதாக நுழையும் வைரஸிடம் அந்த அடையாளம் இல்லை. அதனால் அது வெட்டுப்படுகிறது.

ஈக்கோ ஆர்-1 நேராக வெட்டுவதில்லை. இரண்டு இழைகளிலும் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெட்டுகிறது. அதனால் ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-டி-டி என்ற ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். இவை 'ஒட்டும் முனைகள்'. தவளையின் டி.என்.ஏ. ஆனாலும் பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஆனாலும், இதே நொதியால் வெட்டினால் ஒரே மாதிரி முனைகள்தாம் கிடைக்கும். அவை ஒன்றோடொன்று சேரும். லைகேஸ் என்ற வேறொரு நொதி அந்த இணைப்பை உறுதியாக்கும். 1973-ல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் இப்படி இணைத்த டி.என்.ஏ.வை பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கிக் காட்டினர்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறீர்களா? நீரிழிவு நோய் கண்ட பல சிறுவர் சிறுமியருக்கு இன்சுலின் ஊசி இன்றி வாழ்வில்லை. முன்பெல்லாம் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1978-ல் விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான டி.என்.ஏ.வை வேதியியல் முறையில் தொகுத்தனர். அதன் முனைகளை ஈக்கோ ஆர்-1, பாம் எச்-1 என்ற இரு நொதிகளின் வெட்டுகளுக்குப் பொருந்துமாறு அமைத்து, பாக்டீரியாவில் சேர்த்தனர். பாக்டீரியா மனித இன்சுலினின் பகுதிகளை உண்டாக்கியது! 1982-ல் இம்முறையில் தயாரான இன்சுலினை மருந்தாக விற்க அமெரிக்கா அனுமதித்தது.

ஆர்பர், ஸ்மித், இந்நொதியைக் கொண்டு ஒரு வைரஸின் டி.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி வரைபடமாக்கிய டேனியல் நாதன்ஸ் ஆகிய மூவருக்கும் 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்பர் இன்சுலினைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். 'இந்த வைரஸ் இங்கே ஏன் வளரவில்லை?' என்றுதான் கேட்டார். ஆகவே, உங்கள் மனத்தில் எழும் 'ஏன்' எதையும் அற்பமென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. பாம் எச்-1 தேடும் சொல் ஜி-ஜி-ஏ-டி-சி-சி. இதுவும் விகடகவிதானா? பென்சிலை எடுங்கள், எழுதிப் பாருங்கள்!