தேவாரத்துல இருந்து கலூர் ஸ்டேடியம்: மேட்ச் நாள் ட்ராஃபிக் எங்கே பிறக்குது?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் பல பேர் கேட்ட கேள்வி இது: "ப்ரோ, தேனி மாவட்டத்துல இருந்துக்கிட்டு எங்க போய் ஃபுட்பால் மேட்ச் பாக்குறீங்க?"

கொச்சிக்குத்தான். தேவாரத்துல இருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல. கொச்சி கலூர்ல இருக்குற ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் 200-க்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதனால எங்க ஊர்ல சென்னையின் எஃப்.சி. ரசிகனா இருந்தா, சொந்த டீம சொந்த மைதானத்துல பாக்குறத விட எதிரி மைதானத்துல, மஞ்சள் சட்டை கடலுக்கு நடுவுல உக்காந்து பாக்குறதுதான் சுலபம். இதுல ஒரு தனி சுகம் இருக்கு, அத அப்புறம் பேசுவோம்.

200 கிலோமீட்டர்னு கேட்டதும் நாலு மணி நேரம்னு கணக்குப் போடாதீங்க. நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கு. போடி, போடிமெட்டு, மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம், மூவாற்றுப்புழா, திருப்பூணித்துறை, இதுதான் என்.எச். 85. பழைய ஆளுங்க இன்னும் 49-னு சொல்வாங்க. இந்த ரோட்டுல மேட்ச் நாள் நெரிசல் எப்படி உருவாகுது, அதுல மாட்டாம எப்படிப் போறது, இதான் இன்னைக்கு எபிசோட். ஸ்டேடியம் வாசல்ல நிக்குற ட்ராஃபிக்கும் மலையில நிக்குற ட்ராஃபிக்கும் வேற வேற வியாதி. ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது.

உதாரணத்துக்கு ஒரு நாள எடுத்துக்குவோம். 2024 நவம்பர் 24. கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையின் எஃப்.சி., கலூர், ராத்திரி ஏழரை மணி. ஞாயித்துக்கிழமை. கார்த்திகை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதனால கம்பம் பக்கம் முழுக்க சபரிமலை வண்டிகள். ஞாயிறுங்கிறதால மூணாறு முழுக்க டூரிஸ்ட். இதுக்கு மேல மேட்ச் கூட்டம். மூணு கூட்டம், மூணுக்கும் வேற வேற அவசரம், ஆனா ரோடு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கொண்டை ஊசி ஒரு பூட்டு

முதல்ல மலை. போடி தாண்டி முந்தல் செக்போஸ்ட்ல இருந்து போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. கேரளா பக்கம் போடிமெட்டுல இருந்து மூணாறு வரைக்கும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர அகலப்படுத்தி, 2024 ஜனவரியில திறந்துட்டாங்க. அந்தப் பக்கம் போயிட்டா ரோடு கார் விளம்பரத்துல வர்ற மாதிரி இருக்கும். சிக்கல் அதுக்கு முன்னாடி, ஏற்றத்துல.

ஒரு பஸ்ஸோ ஏலக்காய் லாரியோ கொண்டை ஊசியில திரும்பும்போது ரெண்டு லேனும் அதுக்கே வேணும். அந்த அரை நிமிஷத்துக்கு எதிர்ல வர்றவன் காத்திருக்கணும். எங்க தொழில்ல இதுக்கு மியூடெக்ஸ்னு பேரு. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள போக முடியுற பூட்டு. ஒருத்தன் போயி, வெளிய வந்து, பூட்டத் திறந்தா அடுத்தவன் போவான். பூட்டு இருக்குறது பிரச்சினை இல்ல. மேல இருந்து ஒரு பஸ், கீழ இருந்து ஒரு லாரி, ரெண்டும் பாதி திரும்பி நிக்குது. யாராவது ஒருத்தர் பத்தடி பின்னாடி போனா போதும். ஆனா ரெண்டுக்கும் பின்னாடி கார்க்காரங்க "கேப் இருக்கே"ன்னு வலது பக்கம் ஏறி வந்து மூக்க நுழைச்சிட்டாங்க. இப்ப யாராலயும் பின்னாடி போக முடியாது. இதுக்குப் பேரு டெட்லாக். கம்ப்யூட்டர்ல ஒரு ப்ராசஸக் கொன்னுட்டுப் போயிடலாம். மலையில கடைசி கார்ல இருந்து ஒவ்வொண்ணா ரிவர்ஸ் எடுக்கணும், ஒரு பக்கம் பள்ளம்.

இதுக்கு சட்டமே இருக்கு. ரோடு அகலம் பத்தாத இடத்துல மலை ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்லுது. இறங்குறவன் நின்னு வழி விடணும். ஏறுற வண்டி நின்னா மறுபடி நகர்த்துறது கஷ்டம், அதான் காரணம். லைசென்ஸ் எடுக்கும்போது இதப் படிச்சதா யாராவது சொன்னா நான் நம்பவே மாட்டேன்.

தெரியாமலே நம்ம மாவட்டம் இந்த டெட்லாக்குக்கு ஒரு அழகான தீர்வு வெச்சிருக்கு. சபரிமலை சீசன்ல கூட்டம் ஏறுற நாட்கள்ல போலீஸ் ஒரு வழிப் பாதை ஆக்கிடுவாங்க. போற வண்டி கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு வழியா ஏறணும், திரும்புற வண்டி குமுளி வழியா இறங்கணும். ரெண்டு மலைப்பாதையையும் சேர்த்து ஒரு வளையமா மாத்திட்டாங்க. எதிர்ல வண்டியே இல்லைன்னா பூட்டுக்குச் சண்டை எதுக்கு? தூரம் கூடும், நேரம் குறையும். மேப் ஆப் இத எப்பவும் சரியாக் காட்டும்னு நம்பாதீங்க, கம்பத்துல நிக்குற போலீஸ்காரர் சொல்றத நம்புங்க. போடிமெட்டுப் பாதைக்கு இந்த வசதி கிடையாது. ஏறவும் அதே ரோடு, இறங்கவும் அதே ரோடு.

"விபத்தும் இல்ல, பஸ்ஸும் மாட்டல, அப்புறம் ஏன் நின்னுச்சு?"ன்னு ஒரு கேள்வி வரும். 2008-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் செஞ்ச ஒரு பரிசோதனை இருக்கு. 230 மீட்டர் சுற்றளவுல ஒரு வட்டப் பாதை, 22 கார். எல்லாரும் ஒரே வேகத்துல ஓட்டுங்கன்னு மட்டும் சொன்னாங்க. சிக்னல் இல்ல, பள்ளம் இல்ல, ஆடு மாடு இல்ல. கொஞ்ச நேரத்துல தானாவே நெரிசல் உருவாச்சு. ஒருத்தர் லேசா பிரேக் அடிக்க, பின்னாடி இருக்குறவர் இன்னும் கொஞ்சம் அழுத்தமா அடிக்க, அதுக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னே போயிடுறார். அந்த "நிற்பு" ஒரு அலை மாதிரி பின்பக்கமாவே நகருது. முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி விட்டீங்கன்னா அந்த அலை உங்ககிட்ட வந்து சாகும். ஒட்டிக்கிட்டே போனீங்கன்னா அத இன்னும் பெருசாக்கி பின்னாடி இருக்குறவனுக்கு அனுப்புறீங்க. மலையில இடைவெளி விட்டா பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே கொல்லுவான். அடிக்கட்டும்.

மூணாறத் தவிர்க்கிறது

ஞாயித்துக்கிழமை மதியம் மூணாறு டவுனுக்குள்ள போறது தேவையில்லாத வேலை. பூப்பாறையில இருந்து ராஜகுமாரி, ராஜாக்காடு, வெள்ளத்தூவல் வழியா அடிமாலி போயிடலாம். ரோடு குறுகல்தான், ஆனா போட்டோ எடுக்க நடுரோட்டுல வண்டிய நிறுத்துறவங்க குறைவு. ஏலத்தோட்டத்துக்கு நடுவுலயே போகும், கண்ணாடிய இறக்கி விட்டா வாசம்.

அடிமாலிக்கு அப்புறம் நேரியமங்கலம் பாலம். பெரியாத்து மேல 1935-ல, திருவிதாங்கூர் காலத்துல திறந்தது. அந்தக் காலத்து அகலம், எதிரெதிரே ரெண்டு பஸ் வந்தா ஒண்ணு நிக்கணும். இதுவும் நம்ம பூட்டு கதைதான், ஆனா நேர் ரோடுங்கிறதால எதிர்ல யார் வர்றான்னு தெரியும், சீக்கிரம் தீரும். இந்தப் பாலத்துக்காக அரை மணி நேரம் கூடுதலா வெச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

ஸ்டேடியம் வாசல்: எல்லாரும் ஒரே நிமிஷம்

இப்ப ரெண்டாவது வியாதி. மலையில பிரச்சினை இடம். ஸ்டேடியத்துல பிரச்சினை நேரம். ஒரு சின்ன கணக்கு போடுவோம், எண்ணெல்லாம் சும்மா வெச்சுக்கிட்டதுதான். 30,000 பேர் மேட்ச் பாக்குறாங்க. மூணுல ஒரு பங்கு கார்ல, காருக்கு மூணு பேர். ஆக 3,300 கார். ஒரு லேன்ல தடையே இல்லாம ஓடினா மணிக்கு சுமார் 2,000 கார் போகும். நகரத்துக்குள்ள சிக்னல் பாதி நேரத்தச் சாப்பிட்டுடும், அப்ப 1,000. வெளிய போக ரெண்டு லேன்னா மணிக்கு 2,000. மொத்தக் கூட்டமும் கரைய ஒரு மணி நாப்பது நிமிஷம். விசில் அடிச்சதும் ஓடினாலும் சரி, நடந்தாலும் சரி, இந்த ஒரு மணி நாப்பது நிமிஷம் மாறாது. உங்க இடம் வரிசையில முன்னாடியா பின்னாடியாங்கிறது மட்டும்தான் மாறும்.

சர்வர்லயும் இதே கதை நடக்கும். டிக்கெட் புக்கிங் சரியா பத்து மணிக்குத் திறக்குதுன்னா லட்சம் பேர் அதே நொடியில முட்டுவாங்க. நாங்க செய்யிறது என்னன்னா, ஒவ்வொருத்தரையும் வேற வேற நேரம் காத்திருக்க வெச்சு மறுபடி வரச் சொல்றது. ஸ்டேடியத்துக்கும் அதேதான். ஏழரை மணி மேட்சுக்கு அஞ்சரைக்கே உள்ள போயிடுங்க. முடிஞ்சதும் முக்கால் மணி நேரம் கழிச்சுக் கிளம்புங்க. கலூர்ல ஒரு சுலைமானியும் ஏதாவது பலகாரமும் சாப்பிட்டா அந்த நேரம் ஓடிடும். இதுல நஷ்டமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். வரிசையில முன்னாடி இடம் கிடைக்க வேண்டியவர் கொஞ்சம் லேட்டாத்தான் போவார். ஆனா அந்த நேரம் கிளட்ச மிதிச்சுக்கிட்டு நிக்காம, நாற்காலியில உக்காந்து போகும்.

எண்பதாவது நிமிஷத்துல எழுந்து ஓடுறவங்களப் பத்தி எனக்கு மரியாதையான கருத்து எதுவும் இல்ல. அன்னைக்கு பிளாஸ்டர்ஸ் 3–0. மூணாவது கோல் கூடுதல் நேரத்துல விழுந்தது. நம்ம ஆளுங்களுக்கு அதப் பாக்காம போனதுல நஷ்டம் இல்லைதான், ஒத்துக்குறேன்.

இதவிட நல்ல வழி, காரக் கலூருக்குக் கொண்டு போகாமலே இருக்குறது. கொச்சி மெட்ரோ 2024 மார்ச்ல இருந்து திருப்பூணித்துறை வரைக்கும் வருது. நம்ம என்.எச். 85 நகரத்துக்குள்ள நுழையிற இடமே அதுதான். அங்க வண்டிய விட்டுட்டு ரயில் ஏறினா ஜே.எல்.என். ஸ்டேடியம்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு, இறங்கி நடந்தா மைதானம். வைற்றிலா, கடவந்தரா சிக்னல் எதையும் பாக்க வேண்டாம். மூணு பெட்டி ரயில்ல 975 பேர் போகலாம். காருக்கு மூணு பேர்னா 325 கார். ஐ.எஸ்.எல். ராத்திரிகள்ல கூடுதல் சர்வீஸ் விடுவாங்க. கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு அன்னைக்கு அறிவிப்புல பாத்துக்கோங்க, போன வருஷம் போன ஞாபகத்துல இருக்காதீங்க. திரும்பி வர்ற டிக்கெட்டையும் முன்னாடியே எடுத்துடுங்க.

திரும்பி வர்ற நேரம்

நான் இந்த எபிசோட் பண்ண முக்கியக் காரணம் இதுதான். மேட்ச் முடிய ஒன்பதரை. நேரா வண்டிய விட்டா அடிமாலி நள்ளிரவு, போடிமெட்டு விடியக்காலை மூணு மணி வாக்குல. பனிமூட்டம், தூக்கம், 17 வளைவு. பல பசங்க இதத்தான் செய்யிறாங்க, ஏன்னா திங்கக்கிழமை ஆபீஸ். இன்னும் சில பேர் புத்திசாலித்தனமா அடிமாலியில ரெண்டு மூணு மணி நேரம் கார்லயே தூங்கிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஆறரை மணிக்குப் போடிமெட்டுல இருந்து இறங்குவாங்க. பாதுகாப்பான திட்டம் மாதிரி தெரியும்.

ஆனா திங்கக்கிழமை காலை ஆறரைக்கு அந்த ரோட்டுல என்ன நடக்குதுன்னு தேவாரம், போடி, கோம்பை ஆளுங்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புங்க எல்லாம் அப்பதான் மலை ஏறும். உள்ள அக்காமாரு, அத்தைமாரு, பாட்டிங்க, மடியில தூக்குவாளி. நவம்பர்ல காய் எடுக்குற வேலை மும்முரம். ஜீப் நேரத்துக்குப் போகலைன்னா அன்னைக்குக் கூலி கேள்விக்குறி. டிரைவர் அந்த அவசரத்துல ஓட்டுறார், பல நாள் அளவுக்கு மீறி ஆள் ஏத்தியும் ஓட்டுறார். அது தப்புதான், யாரும் இல்லைன்னு சொல்லல. அந்த நேரத்துல மேல இருந்து தூக்கக் கலக்கத்துல, பத்து காரா வரிசை கட்டி இறங்குற நம்மதான் அந்தக் கொண்டை ஊசியில அவங்களுக்கு எதிர்ல வந்து நிக்குறோம். நமக்கு அரை மணி நேரத் தாமதம்னா ஆபீஸுக்கு ஒரு மெசேஜ். அவங்களுக்கு ஒரு நாள் சம்பளம்.

தேவாரத்துல இருந்து சாக்குலூத்து மெட்டு வழியா கேரளாவுக்கு ஒரு ரோடு வேணும்னு ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. வனத்துறை நிலம், அனுமதி, அது ஒரு தனி எபிசோட். அந்த ரோடு வந்தா தோட்ட வேலைக்குப் போறவங்க போடியச் சுத்த வேண்டியதில்ல. டூரிஸ்ட் கூட்டமும் அங்க வந்து சேரும்ங்கிறதும் உண்மை. ரோடு போட்டா நெரிசல் குறையும்னு எப்பவும் சொல்லிட முடியாது, புது ரோடு புது வண்டியக் கூட்டிட்டு வரும். இருந்தும் நான் அந்த ரோடு வேணும்னு சொல்ற பக்கம்தான்.

அது வர்ற வரைக்கும் என் ஏற்பாடு இது. மேட்ச் முடிஞ்சு மெட்ரோவுல திருப்பூணித்துறை, அங்க இருந்து சமவெளியிலயே மூவாற்றுப்புழாவோ கோதமங்கலமோ போய் ஒரு சாதாரண லாட்ஜ்ல ரூம். நாலு பேர் பகிர்ந்தா ரூம் வாடகை பெரிய காசில்ல. காலையில நல்லா விடிஞ்சு, சாப்பிட்டு, அப்புறம் மலை ஏறுறது. போடிமெட்டுக்கு பதினொண்ணு வாக்குல வருவோம். அந்த நேரத்துக்கு ஜீப்புங்க எல்லாம் மேல தோட்டத்துல நிக்கும், சாயங்காலம்தான் இறங்கும். ரோடு காலி. திங்கக்கிழமைக்கு லீவு முன்னாடியே போட்டுடுங்க, டிக்கெட் எடுக்குற அன்னைக்கே.

அடுத்த எபிசோட்ல மேப் ஆப் உங்க நேரத்த எப்படிக் கணக்குப் போடுதுங்கிறதப் பாப்போம். மலைப்பாதையில அது அடிக்கடி ஏன் தப்பாச் சொல்லுதுன்னும் சேர்த்து. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.