வர்றார்டா, ட்ரெயினிங் சார்!

பி.எட். பயிற்சிக்கு வந்தவர் வகுப்புக்குள் நுழைந்தாலே பிள்ளைகளுக்குக் குஷிதான். இவர் அடிக்க மாட்டார், பரீட்சைக்கு மார்க்கும் போட மாட்டார் என்பது அதுங்களுக்கு அத்துப்படி! 2014-ஆம் வருஷத்து என்.சி.டி.இ. விதிகள் பி.எட்.டை இரண்டு வருஷமாக்கி, 20 வாரத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிவிட்டன. அத்தனை வாரமும் சார்ட் பேப்பரை நம்பியே ஓட்ட முடியுமா, சொல்லுங்கள்?

அரியாங்குப்பத்தில் சரித்திரப் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரோமானிய வணிகம். ராத்திரி கண் விழித்துப் பாடக்குறிப்பு எழுதி, ரோமாபுரி மேப்பைக் கலர் கலராக வரைந்து தள்ளுவீர்கள். பக்கத்திலேயே காக்காயந்தோப்பு, ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டி, இத்தாலியில் செய்த மண்பாண்டத் துண்டுகளை அடையாளம் கண்ட இடம். முதல் நாள் சாயங்காலமே சைக்கிளில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுங்கள்.

மறுநாள், "அரிக்கமேடு போனவங்கல்லாம் கை தூக்குங்க" என்று ஆரம்பியுங்கள். முதல் கை கடைசி பெஞ்சிலிருந்து வரும். (மாங்காய் அடிக்கப் போயிருப்பான்!) "அங்க ஒரு இடிஞ்ச கட்டடம் இருக்கு சார்..." அவன் பேசட்டும், குறுக்கே விழாதீர்கள். வீலர் கொஞ்சம் காத்திருப்பார்.

மணி அடிக்கும்போது பாதிப் பாடம்தான் முடிந்திருக்கும். அதனால், வழிகாட்டி ஆசிரியரிடம் இன்னொரு பீரியடுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.